நகலுக்கு ஆன்மா உண்டா?

ஒருவன் தன்னை எதுவென்று நம்பியிருக்கிறான் என்பது அமைதியான வேளைகளில் வெளிப்படுவதில்லை. அந்த நம்பிக்கையை ஏதேனும் ஒன்று அசைக்கும்போதுதான் அது வெளியே தெரிகிறது. 'என்னைப் போலவே இன்னொருவன் இருந்தால்?' என்பது அப்படி அசைத்துப் பார்க்கும் கேள்விகளுள் ஒன்று. பண்டைய நூல்களும் இதைக் கேட்டன. இன்றைய அறிவியலும் கேட்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் முன்னர் ஒரு தொலைக்காட்சிக் கதையும் இதைக் கேட்டது.

ஒரு கதை

'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்பது விண்வெளிப் பயணம் பற்றிய அமெரிக்கத் தொடர். அதில் 'அப் தி லாங் லேடர்' என்ற பகுதி 1989-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று. அதை எழுதியவர் மெலிண்டா ஸ்நாட்கிராஸ்.

தொலைவிலுள்ள ஒரு கிரகத்தில் மாரிபோசா என்ற குடியேற்றம். அங்கு வந்திறங்கிய கப்பல் விபத்துக்குள்ளானதில் ஐவர் மட்டுமே உயிர் பிழைத்தனர். ஐவரைக் கொண்டு ஒரு சமுதாயம் தழைக்க இயலாது என்று கண்ட அவர்கள், தங்கள் உடலின் உயிரணுக்களிலிருந்தே தங்களைப் போன்ற உடல்களை உண்டாக்கிக்கொண்டார்கள். இதையே இன்று குளோனிங் என்றும், நகலாக்கம் என்றும் சொல்கிறோம். தலைமுறை தலைமுறையாக நகலிலிருந்து நகல் எடுத்ததில் நுண்ணிய பிழைகள் சேர்ந்துகொண்டே வந்து, கடைசியில் அந்த இனமே அழியும் நிலைக்கு வந்தது.

அப்போது அங்கு வரும் விண்கப்பலின் துணைத் தலைவர் ரைக்கரிடம் புதிய உயிரணுக்களைத் தருமாறு அவர்கள் கேட்கிறார்கள். அவர் மறுக்கிறார். தம்மைப் போல் நூறு பேர் உலவினால் தம் தனித்தன்மை குறைந்துபோகும் என்பது அவர் சொல்லும் காரணம். மறுக்கப்பட்டவர்கள் அவரையும் மருத்துவர் புலாஸ்கியையும் மயக்கமுறச் செய்து உயிரணுக்களைத் திருடிவிடுகிறார்கள். உண்மை அறிந்து திரும்பி வரும் ரைக்கர், ஆய்வகத்தில் ஏறக்குறைய முழுவளர்ச்சி பெற்றுக் கிடக்கும் தம் நகலைக் காண்கிறார். தம் ஆயுதத்தால் அதை அழிக்கிறார். பின்னர் மருத்துவரின் இசைவோடு அவருடைய நகலையும் அழித்துவிடுகிறார். 'இது கொலை' என்கிறார்கள் குடியேற்றத்தார். 'எங்கள் உடலின் மீது எங்களுக்கு உரிமை உண்டு' என்பது அவருடைய பதில்.

பார்த்தவர்களின் இரு தீர்ப்புகள்

இந்தக் காட்சியைக் கண்டவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கருவிலுள்ள உயிரைக் காக்க வேண்டும் என்ற இயக்கத்தாரிடமிருந்து கடுமையான எதிர்ப்பு வந்ததாகக் கதையாசிரியரே பின்னாளில் கூறியிருக்கிறார். அவர்கள் அந்தக் காட்சியில் கருக்கலைப்புக்கு ஆதரவான வாதத்தைக் கண்டார்கள். அந்த இயக்கத்தைச் சேராத பார்வையாளர் பலருக்கும், உறங்குவது போல் கிடந்த ஓர் உருவத்தைக் கதாநாயகனே அழிக்கிறானே என்ற உறுத்தல் இருந்தது. மற்றொரு சாராரோ, 'திருடியவர்களே குற்றவாளிகள். தன் சம்மதமின்றித் தன் உடலிலிருந்து எடுக்கப்பட்டதை ஒருவர் அழித்தால் அதில் என்ன தவறு?' என்று கேட்டார்கள்.

ஒரு சாரார் உயிரின் மதிப்பைப் பேசினர். மறு சாரார் சம்மதத்தின் மதிப்பைப் பேசினர். இரண்டுமே தர்மம் சார்ந்த அக்கறைகள்தாம். ஆனால் இந்த இரண்டு கேள்விகளுக்கும் முன்னதாகத் தீர்க்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அங்கே கிடந்தது யார்? ரைக்கரா, வேறொருவரா, அல்லது எவருமே இல்லையா?

உடல் ஒன்றானால் ஆள் ஒன்றா?

முதலில் அறிவியல் காட்டுவதைப் பார்ப்போம். 1996 ஜூலை 5-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் டாலி என்ற செம்மறியாடு பிறந்தது. வளர்ந்த ஆட்டின் உயிரணுவிலிருந்து உருவாக்கப்பட்ட முதல் பாலூட்டி அது. இந்தியாவிலும் கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் 2009 பிப்ரவரியில் ஓர் எருமைக் கன்று இம்முறையில் பிறந்தது. அதற்குச் 'சம்ரூபா' என்று பெயரிட்டார்கள். 'ஒத்த உருவம் கொண்டது' என்று பொருள். உருவம் ஒத்திருந்தது, ஆயுள் ஒத்திருக்கவில்லை. சில நாட்களிலேயே அக்கன்று இறந்துவிட்டது.

உருவமாவது எப்போதும் ஒத்திருக்குமா என்றால், அதுவும் இல்லை. 2001 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் முதல் நகல் பூனை பிறந்தது. அதன் மூலமான பூனை வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் ஆகிய மூன்று நிறங்களும் கலந்தது. குட்டியிடமோ செம்மஞ்சள் நிறமே இல்லை. பெண் பூனையின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று ஓய்ந்துவிடுகிறது. எது ஓயும் என்பதை மரபணு முன்கூட்டியே விதிப்பதில்லை. ஆகவே ஒரே மரபணுக்கள் இருந்தும் தோல் வேறாயிற்று.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறக்கும் இரட்டையர்கள் இயற்கையே உண்டாக்கும் நகல்கள். ஆயினும் அவர்களுடைய விரல்ரேகைகள்கூட ஒன்றல்ல. ஒருவருக்குப் பசித்தால் மற்றவர் உண்டு அது தீர்வதில்லை. இருவருக்கும் ஆன்மா ஒன்றைப் பாதியாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது என்று எந்தத் தாயும் எண்ணுவதில்லை.

இதற்கு நேர்மாறான நிலையை நம் தமிழ் மரபு கண்டிருக்கிறது. திருமூலர் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறுகிறார். கயிலையிலிருந்து வந்த சிவயோகியார் காவிரிக்கரையில், சாத்தனூரில், மூலன் என்ற இடையன் இறந்து கிடப்பதையும் அவனைச் சுற்றிப் பசுக்கள் கதறுவதையும் கண்டார். பசுக்களின் துயர் தீர்க்க அவ்வுடலில் புகுந்தார். பசுக்கள் மகிழ்ந்தன. மாலையில் கணவனைத் தேடி வந்த மூலனின் மனைவியிடம் தமக்கு அவளோடு உறவில்லை என்றார். கலங்கிய அப்பெண் ஊராரிடம் முறையிட்டாள். வந்து பார்த்த சான்றோர் அவர் யோகத்தில் நிலைத்திருப்பதை உணர்ந்து, அவளைத் தேற்றி அழைத்துச் சென்றார்கள்.

அங்கே இருந்தது நகல் உடல்கூட அல்ல, அதே உடல். அதே கண், அதே கை. இருந்தும் அவர் மூலன் அல்லர். சாத்தனூர்ச் சான்றோர் மரபணு அறியாதவர்கள். ஆயினும் ஓர் உண்மையை அறிந்திருந்தார்கள்: உடல் ஒன்றாக இருந்தாலும் ஆள் வேறாக இருக்கலாம். அப்படியிருக்க, வேறோர் உடலில் பிறந்து, வேறு சம்ஸ்காரங்களோடு, வேறு அனுபவங்களை அடையப்போகும் ஒருவனை 'நானே' என்று எப்படிச் சொல்ல முடியும்?

கீதை உடலை நிலம் என்றும், அதை அறிபவனை நிலத்தை அறிபவன் என்றும் பேசுகிறது. அடுத்தடுத்த இரு வயல்களில் ஒரே விதையைத் தூவலாம். வரப்பும் ஒரே அளவில் இருக்கலாம். அதனால் இரண்டு உழவர்கள் ஒருவராகிவிடுவதில்லை. ஆகவே, நகலாகப் பிறக்கும் மனிதர் என்றேனும் இருந்தால், அவர் எவருடைய மிச்சமும் அல்லர். தமக்கென்று வினையும் விழைவும் விடுதலையும் உள்ள ஒரு முழு ஜீவன்.

அச்சத்துக்கும் ஆசைக்கும் ஒரே வேர்

இந்தத் தெளிவோடு கதைக்குத் திரும்பினால், அதில் வரும் இரு தரப்பாரும் ஒரே மயக்கத்தில் இருப்பது தெரியும். மாரிபோசா மக்கள், 'எங்கள் உடலின் நகல் இருக்கும்வரை நாங்கள் இருப்போம்' என்று நம்பினார்கள். ரைக்கரோ, 'என் உடலுக்கு நகல் வந்தால் நான் குறைந்துபோவேன்' என்று அஞ்சினார். முன்னது ஆசை, பின்னது அச்சம். இரண்டும் உடலே நான் என்ற எண்ணத்தில் முளைத்தவை. வேதாந்தம் இதைத் தேகாத்ம புத்தி என்கிறது.

உடல்களைப் பெருக்கிக்கொண்டால் நிறைவு வருமா என்பதை விஷ்ணு புராணத்தில் சௌபரி முனிவரின் கதை ஆராய்கிறது. மாந்தாதாவின் ஐம்பது புதல்வியரையும் மணந்த அவர், யோக சக்தியால் ஐம்பது வடிவம் கொண்டு ஐம்பது மாளிகைகளில் வாழ்ந்தார். பிள்ளைகள் நூற்றைம்பது பேர் பிறந்தார்கள். அவர்கள் நடப்பதைக் காண வேண்டும், மணம் முடிப்பதைக் காண வேண்டும், பேரன்மாரைக் காண வேண்டும் என்று ஆசை நீண்டுகொண்டே போயிற்று. உடல்கள் ஐம்பதானபோது நிறைவு ஐம்பது மடங்காகவில்லை, ஆசைதான் பெருகியது. அதை உணர்ந்தபோது அவர் அனைத்தையும் துறந்து காட்டுக்குச் சென்றார்.

'இன்னொருவர் வந்தால் நான் குறைவேன்' என்ற அச்சத்துக்கு மருந்தாகும் நிகழ்ச்சி ஒன்று மும்பையோடு தொடர்புடையது. 1986 ஆகஸ்ட் 6-ஆம் நாள் மும்பை பரேலிலுள்ள கே.இ.எம். மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவும் விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமாரும் முன்னின்று நடத்திய முயற்சியின் பயன் அது. இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று அது போற்றப்பட்டது. ஆனால் அதற்கு ஏறக்குறைய எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1978 அக்டோபர் 3-ஆம் நாள், கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் இதைச் சாதித்திருந்தார். அன்று அவரை நம்பியவர்கள் மிகச் சிலர். விசாரணைக் குழு அவருடைய கூற்றை ஏற்கவில்லை. மனமுடைந்த அவர் 1981-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். பின்னர் அவருடைய குறிப்புகளை ஆராய்ந்து, 'முதலில் செய்தவர் அவரே' என்று 1997-இல் அறிவித்தவர் வேறு யாருமல்லர். தமது குழுவுக்கே முதலிடம் என்று உலகம் ஏற்றிருந்த அதே ஆனந்த் குமார்.

தமக்கு முன் இன்னொருவர் இருந்தார் என்பதால் அவர் குறைந்துவிட்டாரா? உண்மையில் உயர்ந்தார். தான் ஒருவனே என்பதில் தன் மதிப்பை வைத்தவன், இன்னொருவனைக் கண்டதும் அஞ்சுகிறான். சத்தியத்தில் தன் மதிப்பை வைத்தவனுக்கு அந்த அச்சம் இல்லை.

பிறந்த வழி குற்றமாகுமா?

கருப்பைக்கு வெளியே உருவான கருவுக்கு ஆன்மா உண்டா என்ற ஐயம் அந்நாட்களில் பலருக்கும் எழுந்தது. இன்று அந்த முறையில் பிறந்தவர்கள் படித்து, பணிபுரிந்து, தாங்களும் தாயாகியிருக்கிறார்கள். அந்த ஐயத்தை இப்போது எவரும் எழுப்புவதில்லை. வாதம் அதைத் தீர்க்கவில்லை, வாழ்க்கை தீர்த்துவிட்டது.

நம் இதிகாசங்களில் துரோணர் கலசத்தில் தோன்றினார். அகத்தியரும் குடத்தில் பிறந்தவர். சீதை உழுசாலில் கிடைத்தாள். கௌரவர்கள் பிண்டமொன்றின் கூறுகளாக நெய்க்குடங்களில் வளர்ந்தார்கள். இவற்றைக் காட்டி அக்காலத்திலேயே குளோனிங் இருந்தது என்று பெருமைகொள்வோர் உண்டு. அது நூல்களுக்கும் அறிவியலுக்கும் ஒருங்கே இழைக்கும் அநீதி. இக்கதைகளிலிருந்து நாம் பெற வேண்டியது வேறு. துரோணருக்கு ஆன்மா உண்டா என்று மகாபாரதத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அவர் எவ்வாறு பிறந்தார் என்பதைக் கொண்டு அவரை எடைபோடவில்லை; எவ்வாறு வாழ்ந்தார் என்பதைக் கொண்டே எடைபோட்டார்கள். பிறப்பால் எல்லா உயிரும் ஒப்பு, சிறப்பு என்பது செயலால் வருவது என்ற வள்ளுவரின் கொள்கையும் இதுவே.

எங்கே தவறு நிகழ்கிறது?

அப்படியானால் நகலாக்கத்தில் தவறே இல்லையா? உண்டு. ஆனால் பிறக்கும் உயிரிடம் இல்லை. உண்டாக்குபவரின் நோக்கத்திலும் முறையிலும் இருக்கிறது.

முதலாவது, சம்மதம். 1951-இல் அமெரிக்காவில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற ஏழைக் கறுப்பினப் பெண்மணியின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து, அவர் அறியாமலே உயிரணுக்கள் எடுக்கப்பட்டன. அவை ஆய்வகங்களில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றால் பெரும் மருத்துவ நன்மைகளும் விளைந்தன. பெரும் வாணிகமும் நடந்தது. நன்மை விளைந்தது என்பதற்காக, கேளாமல் எடுத்தது நியாயமாகிவிடாது. கதையில் மாரிபோசா மக்கள் செய்ததும் திருட்டே.

இரண்டாவது, தீங்கு. டாலி என்ற ஒரு வெற்றிக்காக 277 முயற்சிகள் செய்யப்பட்டன. மனிதக் குழந்தைகளை வைத்து அப்படிச் சோதிப்பதை எந்த மனசாட்சியும் ஏற்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள் மனித நகலாக்கத்தைத் தடை செய்திருப்பது முற்றிலும் சரியே.

மூன்றாவது, பயன்படுத்துதல். எந்த மனிதரையும் வெறும் கருவியாக நடத்தாதே என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட் 1785-இல் எழுதினார். உள்ளிருப்பவன் இறைவன் என்று காணும் வேதாந்திக்கு இது இன்னும் ஆழமான கட்டளை. ஆனால் இதை எளிதாகப் பிறர்மேல் வீசிவிடவும் கூடாது. 2018-இல் அகமதாபாத்தில், தலசீமியா என்ற இரத்த நோயுற்ற மகனைக் காக்க, அவனோடு திசு பொருந்தும் கருவைத் தேர்ந்தெடுத்து ஒரு தம்பதியர் பெண் குழந்தை பெற்றார்கள். 2020-இல் அவளுடைய எலும்பு மஜ்ஜை அண்ணனுக்கு வாழ்வளித்தது. அச்சிறுமி கருவியா, மகளா? விடை மருத்துவ ஏடுகளில் இல்லை. மஜ்ஜை எடுத்த மறுநாள் முதல் அவளை எவ்வாறு வளர்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அண்ணன் குணமாகாமல் போயிருந்தாலும் அவள் அதே அன்போடு அணைக்கப்பட்டிருப்பாள் என்றால், அவள் கருவியாகப் பிறக்கவில்லை.

இப்போது ரைக்கரின் செயலைப் பற்றி ஒரு முடிவுக்கு வரலாம். தம் உடலின் மீது தமக்குள்ள உரிமை என்று அவர் வாதிட்டார். ஆனால் அவருடைய உடல் ஆயுதம் ஏந்தி நின்றுகொண்டிருந்தது. படுத்திருந்தது வேறோர் உடல். கருவைத் தன்னுள் சுமக்கும் ஒரு பெண்ணின் நிலையோடு இதை ஒப்பிட முடியாது. அந்தப் பெரிய கேள்வியை இந்தக் காட்சியைக் கொண்டு எந்தப் பக்கமும் தீர்க்கவும் முடியாது. திருடியவர்கள்மேல் அவர் கொண்ட சினம் நியாயமானது. அந்தச் சினம் இறங்கிய இடமோ தவறானது. உயிர் இருக்கிறதா இல்லையா என்ற ஐயம் எழுந்தால், ஐயத்தின் பயனை உயிருக்கு அளிப்பதே அகிம்சை. கர்ணனின் பிறப்பை மறைக்க நினைத்த அச்சம் ஒரு பெட்டியை ஆற்றில் விட்டது. பெட்டிக்குள் இருந்த குழந்தை செய்த குற்றம் என்ன?

வீட்டுக்குள் நடக்கும் நகலாக்கம்

இவையெல்லாம் தொலைவிலுள்ள ஆய்வகங்களின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட இயலாது. மனித நகலாக்கத்துக்கு நெறிமுறைகள் தடை விதித்துள்ளன. ஆனால் பிள்ளைகளைத் தங்கள் நகலாக்கும் முயற்சி வீடுதோறும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மும்பையின் தமிழ்க் குடும்பங்களையே எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிடும் இடங்களில் உழைத்தவர்கள். ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் எழுத்தர்களாகச் சேர்ந்து மாட்டுங்காவில் குடியேறியவர்கள். பின்னர் செம்பூரில் வீடு கட்டிக்கொண்டவர்கள். இவர்களின் மூன்றாம் தலைமுறை இன்று தமிழோடு மராத்தியும் இந்தியும் பேசுகிறது. தாத்தாவைப் போல் பேரன் இல்லையே, தாம் விட்ட படிப்பை மகன் படிக்கவில்லையே, தம் விருப்பத்தை மகள் தன் விருப்பமாக ஏற்கவில்லையே என்று வருந்தும் பெற்றோரைச் செம்பூர் முருகன் கோயில் வாசலிலும் காணலாம். வேறெந்த ஊரிலும் காணலாம். அந்த வருத்தத்தில் அன்பு இருக்கிறது. அதோடு மாரிபோசா மக்களின் ஆசையும் கலந்திருக்கிறது: இவன் வழியாக நான் தொடர வேண்டும் என்ற ஆசை.

அந்தக் கதையின் முடிவு இங்கு நினைக்கத்தக்கது. நகலெடுத்து நலிந்த மாரிபோசா மக்களைக் காத்தது வேறொரு குடியேற்றத்து மக்களின் வரவு. அவர்கள் ஆடுமாடுகளோடு வாழ்ந்தவர்கள். நாகரிகம் அறியாதவர்கள் என்று இவர்கள் முகம் சுளித்தவர்கள். அவர்களோடு கலந்து வாழச் சம்மதித்தபோதுதான் இரு சாராருக்கும் எதிர்காலம் பிறந்தது. நகல், தேய்வை மட்டுமே கடத்தியது. உயிர், வேறுபாட்டை ஏற்றபோதுதான் தழைத்தது.

அப்படியானால் பரம்பரை என்பது வேண்டாமா? வேண்டும், ஆனால் அது நகலெடுப்பது அன்று. தாராவியின் கும்பார்வாடாவில், சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் தீபாவளிக்கு முன் ஆயிரக்கணக்கில் அகல் விளக்குகள் செய்கிறார்கள். ஒரே மண், ஒரே சக்கரம், ஒரே சூளை. பார்வைக்கு ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய இயலாது. மண்ணை அறிந்தால் மண்ணாலான யாவும் அறியப்படும் என்ற உத்தாலகரின் உபதேசம் அங்கே வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கிறது. ஆயினும் ஒவ்வொரு விளக்கும் தன் எண்ணெயைத் தானே உண்டு, தன் சுடரைத் தானே ஏந்த வேண்டும். ஒரு சுடரிலிருந்து இன்னொன்றை ஏற்றும்போது முதற்சுடர் குறைவதில்லை; இரண்டாவது அதற்கு அடிமையாவதும் இல்லை. ஒளி மட்டும் ஒன்று.

பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளுக்குத் தர வேண்டியது ஒளியை. தம் வடிவத்தை அல்ல. இன்று வீடு திரும்பும் நம் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும்போது, 'இவனிடம் நான் எங்கே இருக்கிறேன்?' என்று தேடாமல், 'இங்கே வந்திருக்கும் இவர் யார்?' என்று ஒரு கணம் வியந்து நோக்குவோமாக. நகலுக்கு ஆன்மா உண்டா என்ற கேள்விக்கு அந்தக் கணத்தில் விடை கிடைக்கும். நகல் என்று எவரும் இல்லை. வருகின்ற ஒவ்வொருவரும் மூலமே.